பேர் சொல்லாதது

எங்கள் உம்மும்மாவின் வீடு அக்குறணைப் பகுதியில் ஒரு சரிவான வளவில் இருந்தது. முற்றத்தைத் தாண்டிப் பதினைந்து படிகள் இறங்கினால் ஓர் ஊற்று. அதன் தண்ணீர் மூங்கில் பீலியில் விழுந்து, கல்லில் தெறித்து, கீழேயுள்ள வயலை நோக்கி ஓடும். பலா, கராம்பு, சாதிக்காய், கோப்பி, மிளகுக்கொடி ஏறிய மரங்கள் என்று கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் உள்ளவை எல்லாம் அந்த வளவிலும் இருந்தன. கராம்பும் மிளகும் காசு தருபவை. அவற்றை மாமாமார் பார்த்துக்கொள்வார்கள். உம்மும்மா தன் கையால் பார்த்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான். பீலித் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குச் சேறு கிடக்கும். அந்தச் சேற்றில், வாள்களைச் செருகி வைத்தாற்போல நெருக்கமாகப் பச்சை இலைகள் நிமிர்ந்து நிற்கும்.

பூத்துக் குலுங்கும் செடி அல்ல அது. பார்ப்பவர்கள் புல் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் இலையைக் கிள்ளிக் கசக்கினால் கையெல்லாம் மணக்கும். சிறுமியாக இருந்தபோது ஒருநாள் மஃரிப் நேரத்தில் அப்படிக் கசக்கி முகர்ந்துகொண்டே, “உம்மும்மா, இது என்ன?” என்று கேட்டேன்.

“பேர் சொல்லாதது” என்றார்.

“ஏன் சொல்லக் கூடாது?”

“அந்திக்கு அந்தப் பேரச் சொல்லவாணாம் மகள். சொன்னா மருந்து வேல செய்யாது.”

மறுநாள் காலையில்தான் பெயரைச் சொன்னார். வசம்பு.

நம் சமூகத்தில் வசம்பை அறியாத வீடு குறைவு. ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றும் அதைச் சொல்வார்கள். சிங்களச் சகோதரிகள் வதகஹ என்பார்கள். வடமொழியில் வசா. பேச்சு என்ற பொருளில் வந்த பெயர் என்று சொல்லி, குழந்தைக்குப் பேச்சு திருந்த வேண்டுமென்று நாக்கில் தடவும் வழக்கமும் அதையொட்டியே வளர்ந்தது. அரபியில் வஜ். மருத்துவ மேதை இப்னு ஸீனா தமது ‘கானூன்’ நூலில் இந்த வேரைப் பற்றி எழுதியிருக்கிறார். இத்தனை மொழிகளில் இத்தனை பெயர்கள் உள்ள ஒரு செடிக்குத்தான் எங்கள் வீட்டில் இருட்டிய பிறகு பெயரே இல்லாமல் போனது.

இதில் என்ன கெடுதி, கிழவிகளின் பேச்சுத்தானே என்று நானும் வெகு காலம் நினைத்திருந்தேன். 1994ஆம் ஆண்டில் அல்லாஹ் எனக்கு ஒரு பாடம் காட்டினான்.

அந்த ஆண்டில்தான் என் தலைப்பிள்ளை பிறந்தாள். வழக்கப்படி நாற்பது நாள் முடியும்வரை தாய்வீட்டில் இருந்தேன். ஏழாம் நாள் முடியிறக்கி, பெயர் வைத்து, அகீகாவும் கொடுத்தாயிற்று. ஐந்தாவது வாரத்தில் பிள்ளை அழத் தொடங்கினாள். பகலெல்லாம் சுகமாக இருப்பாள். மஃரிபுக்கு அழத் தொடங்கினால் இஷா முடிந்தும் ஓயமாட்டாள். கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் சிவக்கச் சிவக்க அழுவாள். பெற்றவளுக்கு அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு இருப்பது எப்படி என்பது பெற்றவர்களுக்குத் தெரியும்.

உம்மும்மாவுக்கு இதற்கென்று ஒரு முறை இருந்தது. காய்ந்த வசம்புத் துண்டைத் தேங்காயெண்ணெய் விளக்கில் கருகச் சுட்டு, தாய்ப்பால் விட்டுக் கல்லில் ஓரிரு இழைப்பு இழைத்து, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைப்பார். தான் பெற்ற எட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தாராம். என் மகளுக்கும் இரண்டு மூன்று முறை செய்தார். நான் தடுக்கவில்லை.

அன்றைக்குக் காய்ந்த துண்டு தீர்ந்துபோயிருந்தது. உதவிக்கு வந்திருந்த சொந்தக்காரப் பெண்ணொருத்தி பீலியடிக்குப் போய்ச் சேற்றிலிருந்து புதிதாக ஒரு கிழங்கைப் பிடுங்கி வந்தாள். சுடவில்லை. பச்சையாகவே கல்லில் இழைத்தாள். தொட்டு வைப்பதற்குப் பதிலாக ஒரு சின்னக் கரண்டியளவு ஊட்டினாள். “நல்லாத் தூங்கட்டும் பாவம்” என்றாள். இரக்கத்தில் செய்த காரியம்தான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

பிள்ளை தூங்கினாள். பால் குடிக்கும் நேரம் வந்தும் எழும்பவில்லை. தட்டி எழுப்பியபோது வாந்தி எடுத்தாள். மறுபடி கண் செருகியது. கையைத் தூக்கி விட்டால் துணிபோல விழுந்தது. இரவு பதினொரு மணிக்கு அயல்வீட்டு வேனில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வழியெல்லாம் ஓதியது என்னவென்று எனக்கே நினைவில்லை.

வார்டில் இருந்தவர் ஓர் இளம் சிங்கள மருத்துவர். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். தாய்ப்பால் மட்டும்தான் என்றேன். வேறு ஏதாவது? இல்லை என்றார் உம்மா. கை மருந்து ஏதாவது? இல்லை என்றார் சாச்சி. ஏசுவார்களே என்ற பயம் ஒரு பக்கம். அந்தப் பெயரை இரவில் சொல்லாத பழக்கம் இன்னொரு பக்கம். நாங்கள் மூவரும் படித்தவர்கள். மூவரும் பொய் சொன்னோம்.

இது மூளையைத் தொட்ட காய்ச்சலாகவும் இருக்கலாம், முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். ஐந்து வாரப் பிள்ளையின் முதுகில் ஊசி. எனக்குக் கால் தளர்ந்தது.

அப்போதுதான் ஓரத்து வாங்கில் முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த உம்மும்மா எழுந்து வந்தார். “டொக்டர் மஹத்தயா, வதகஹ துன்னா” என்றார். வசம்பு கொடுத்தோம் என்று சிங்களத்தில் சொன்னார். இரவு பன்னிரண்டு மணிக்கு, தன் ஆயுளில் இருட்டிய பிறகு சொல்லாத பெயரை, அத்தனை பேர் நடுவில் சத்தமாகச் சொன்னார்.

மருத்துவர் ஏசவில்லை. எவ்வளவு, எத்தனை மணிக்கு, சுட்டதா பச்சையா என்று மூன்று கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார். ஊசியைச் சற்று ஒத்திப்போட்டு, சேலைன் ஏற்றி, மணிக்கொரு தரம் வந்து பார்த்தார். ஸுபஹுக்குச் சற்று முன்னர் பிள்ளை கண் விழித்து அழுதாள். என்னைத் தவிக்கவைத்த அதே அழுகை. அல்ஹம்துலில்லாஹ், அதைவிட இனிமையான ஒரு சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். வசம்புதான் காரணம் என்று அந்த மருத்துவர் அறுதியாகச் சொல்லவில்லை. அப்படி இருக்கலாம் என்றார். ஆனால் ஒன்றைச் சொல்லி அனுப்பினார். வீட்டில் கொடுத்ததை மறைத்தால் நாங்கள் இல்லாத நோயைத் தேடிக்கொண்டிருப்போம், இருக்கிற நோய் எங்களுக்குத் தெரியாமலே போகும் என்றார். அவருக்காக இன்றும் துஆச் செய்கிறேன்.

வீட்டுக்கு வந்த அன்றே நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பீலியடிக்கு இறங்கினேன். ஒரு கிழங்கு மிஞ்சாமல் கொத்தி எறிந்துவிடுவதென்று நினைத்தேன். உம்மும்மா படியில் நின்று கூப்பிட்டார்.

“மரத்துல குத்தமில்ல மகள். அளவு தெரியாத கையிலதான் குத்தம். அந்தக் கைக்குப் பழக்கிக் குடுத்தது நான்.”

அவர் கண் கலங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அன்று முதல் எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளையின் வாயிலும் வசம்பு வைக்கப்படவில்லை. அந்தப் பெயரும் ஒளிக்கப்படவில்லை. அந்தியிலும் நடுச்சாமத்திலும் உம்மும்மா வேண்டுமென்றே, “வசம்பு, வசம்பு” என்று சொல்லிக் காட்டுவார். எங்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு அது ஒருவிதத் தவ்பா என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

உம்மும்மா சொன்ன ‘அளவு’ என்ற சொல்லை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. வைத்தியம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. கண்டி அரசர்களிடம் முஸ்லிம் வைத்தியர்கள் பணிபுரிந்தார்கள். கேகாலைப் பக்கத்துக் கெட்டபேரியாவைச் சேர்ந்த கோபால வைத்தியப் பரம்பரை அவர்களில் புகழ்பெற்றது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், 1760ஆம் ஆண்டுச் சதியின்போது, அரசனுக்கு விசுவாசமாக நின்று காணி மானியம் பெற்றவர் அந்தப் பரம்பரையில் வந்த ஒரு வைத்தியர். பேராசிரியை லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்களைப் பற்றி 1994இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்த வரலாற்றை விரிவாகக் காணலாம். அந்த ஹகீம்கள் ஒரு வேரைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கமாட்டார்கள். நிறுக்காமல் கொடுக்கமாட்டார்கள். நோயாளியின் வயதைக் கேட்காமல் வாயைத் திறக்கமாட்டார்கள். நம் கைக்கு வந்து சேர்ந்தபோது வேர் மட்டும்தான் வந்தது. நிறையும் சுத்தியும் வழியில் எங்கோ விழுந்துவிட்டன.

வைத்தியம் இன்னதென்று அறியாமல் வைத்தியம் செய்தவர், அதனால் வரும் தீங்குக்குப் பொறுப்பாளி ஆவார் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதாக அபூதாவூத் போன்ற ஹதீஸ் கிரந்தங்களில் வந்திருக்கிறது. அல்லாஹ் மருந்தின்றி நோயை இறக்கவில்லை என்பதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். இந்த மற்ற ஹதீஸை அவ்வளவாகச் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் சகோதரிகளே.

வசம்பைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் சொல்வதையும் சொல்லிவிடுகிறேன். அதன் எண்ணெயில் பீட்டா அசரோன் என்றொரு பொருள் இருக்கிறது. வட அமெரிக்காவில் இயற்கையாக வளரும் வகையில் அது இல்லை. நம் ஆசியப் பகுதி வகைகளில் மிகுதியாக இருக்கிறது. எலிகளுக்கு நீண்ட காலம் கொடுத்துப் பார்த்ததில் குடலில் கட்டிகள் உண்டாயின. அதனால் 1968இல் அமெரிக்க அரசு வசம்பையும் அதன் எண்ணெயையும் உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. கைக்குழந்தைகளுக்கு ஊட்டியதால் வாந்தியும் மயக்கமும் உண்டானதைத் தமிழ்நாட்டுக் குழந்தை மருத்துவர்களும் எடுத்துச் சொல்லிவருகிறார்கள். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்கிறது. நம் ஊர் மிட்வைப் மிஸ்மாரும் வீடு வீடாக வந்து அதையே சொல்கிறார்கள். தண்ணீரே வேண்டாம் என்னும்போது வசம்புக்கு ஏது இடம்?

பிறகு ஏன் அந்தச் செடியை வளர்க்கிறாய் என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

உம்மும்மா 2003ஆம் ஆண்டு வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சொத்துகள் ஷரீஅத் முறைப்படி பங்கிடப்பட்டன. எனக்கு வேண்டியது பங்கில் வராத ஒன்று. மாமாவிடம் கேட்டு, பீலியடியிலிருந்து மூன்று கிழங்குத் துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டுகஸ்தோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்தச் செடியில் பயனே இல்லையென்றால் கொண்டுவந்திருக்க மாட்டேன். கடைசிக் காலத்தில் உம்மும்மாவே அதன் வேறு பயன்களைக் காட்டித் தந்திருந்தார். காய்ந்த துண்டுகளைத் துணியில் முடிந்து அரிசிப் பீப்பாயில் போட்டால் வண்டு அண்டாது. கிதாபு அலுமாரியிலும் சேலைப் பெட்டியிலும் வைத்தால் பூச்சி வராது. தானியப் பூச்சிகள் பெருகாமல் வசம்பு தடுப்பதை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு ஆகாத அதே காரம்தான் பூச்சிக்கும் ஆகாமல் போகிறது. எதை எங்கே வைப்பது என்று அறிவதுதான் விஷயம். (வசம்பை முடிச்சாகவே வையுங்கள். அரிசியில் கலக்க வேண்டாம். அரிசியை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.)

வளர்ப்பது எளிது என்று நினைத்தேன். இரண்டு முறை தோற்றேன்.

முதல் முறை முற்றத்து ரோசாப் பாத்தியில் நட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் குருத்து விட்டு நன்றாக வந்தது. தை பிறந்து மழை விட்டதும் இலை நுனிகள் மஞ்சளித்தன. மாசி முடியுமுன் காய்ந்துபோயிற்று. கண்டியில் தை முதல் பங்குனி வரை வறட்சி என்பது நமக்குத் தெரியும். சேற்றில் பிறந்த செடியை மேட்டில் நட்டது என் பிழை. மாமா வீட்டிலிருந்து மறுபடி கிழங்கு வந்தது.

இரண்டாம் முறை தண்ணீர் குறையாதிருக்க ஒரு பழைய பேஸினில் சேறு நிரப்பி, மேலே தண்ணீரும் நிறுத்தி வளர்த்தேன். செடி செழித்தது. ஆண்டுக் கணக்கில் அப்படியே வைத்திருந்தேன். 2017ஆம் ஆண்டு டெங்கு வந்தபோதுதான் அந்தப் பிழை தெரிந்தது. அந்த ஓராண்டில் மட்டும் நம் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். வீடு பார்க்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என் பேஸினை டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, நுளம்புப் புழுக்களைக் காட்டினார். வெட்கமாக இருந்தது. பிள்ளைகளைக் காக்கத்தானே உம்மும்மா வசம்பு வளர்த்தார், நான் அதை வைத்து நுளம்பு வளர்த்துக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்தேன். அன்றே பேஸினைக் கவிழ்த்தேன்.

மூன்றாம் இடத்தை என் கணவர்தான் காட்டினார். வீட்டின் பின்புறம் வுழூச் செய்யும் குழாயடி. நாளுக்கு ஐந்து நேரம், ஐந்து பேர் வுழூச் செய்த தண்ணீர் சும்மா கானில் ஓடிக்கொண்டிருந்தது. சவர்க்காரம் கலக்காத தண்ணீர். அது வழியும் இடத்தில் ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டினோம். அடியில் ஒரு பழைய உரப்பையை விரித்து, நாலைந்து ஓட்டை போட்டோம். களிமண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினோம். இப்படிச் செய்தால் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். தண்ணீர் தேங்கி நிற்காது. நுளம்புக்கு இடமில்லை.

நடும் விதத்தையும் சொல்கிறேன். விரல் நீளத்துக் கிழங்குத் துண்டு போதும். அதில் ஒரு முளையாவது இருக்க வேண்டும். இலையைக் கத்தரித்துவிட்டு, கிழங்கைப் படுக்கையாக வைத்து, மேலே மெல்லிதாக மண் மூட வேண்டும். ஆழப் புதைத்தால் அழுகும். துண்டுக்குத் துண்டு ஓரடி இடைவெளி விடுங்கள். வைகாசி மழையோடோ ஐப்பசி மழையோடோ நட்டால் சிரமமில்லை. காலை வெயில் பட்டால் நல்லது. பிறகு அது தன்பாட்டில் பக்கவாட்டாக ஊர்ந்து பரவும். ஏறத்தாழ ஓராண்டில் இலைகள் பழுக்கத் தொடங்கும்போது கிளறி எடுத்து, கழுவி, துண்டாக்கி, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் மணம் போய்விடும். எடுக்கும்போது ஓரத்துத் துண்டுகளை அப்படியே விட்டுவிட்டால் மறுபடி நட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. வசம்பைப் போலவே வாள் இலை கொண்ட ஐரிஸ் என்ற பூச்செடி உண்டு. நீலம், மஞ்சள், வெள்ளை நிறங்களில் அழகாகப் பூக்கும். எங்கள் அயலிலுள்ள ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் என் செடியைப் பார்த்து, ஐரிஸ் ஏன் பூக்கவில்லை என்று பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மட்டுமல்ல, தாவர அறிஞர்களே இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் மஞ்சள் ஐரிசுக்கு லத்தீனில் ‘பொய் வசம்பு’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். உண்மையில் இரண்டும் உறவே இல்லை. ஐரிஸ் கிழங்கு நஞ்சு. அடையாளம் காண்பது சுலபம். வசம்பு இலையின் நீளவாட்டில் ஒரு தடித்த நரம்பு ஓடும். ஓரம் சில இடங்களில் சுருக்கம் விழுந்திருக்கும். கசக்கினால் மணக்கும். ஐரிஸ் இலை மணக்காது. வசம்பின் பூவோ, இலை போன்ற தண்டின் பக்கத்தில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பச்சை மஞ்சள் கதிர். இத்தனை ஆண்டில் நான் அதைக் கண்டது இரண்டே முறை.

இந்தச் செடி பயணம் போன கதை என்னை வியக்க வைத்த ஒன்று. 1557ஆம் ஆண்டில் உஸ்மானியர்களின் தலைநகரான கொன்ஸ்தாந்திநோப்பிளிலிருந்து வசம்பு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டது. பிறகு வியன்னாவில் நடப்பட்டது. அங்கு பரவிய வகையில் விதை பிடிப்பதில்லை. ஆனாலும் அது ஐரோப்பா முழுவதும் குளக்கரைகளில் பரவியது. கிழங்குத் துண்டுகளைத் தண்ணீர் கொண்டுபோனது பாதி, மனிதர்கள் கைமாற்றிக் கொண்டுபோனது பாதி. நம் கன்னொறுவையில் 1988 முதல் தாவர மரபு வள நிலையம் இயங்குகிறது. விதைகளைக் குளிரில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். ஆனால் கிழங்கால் வாழும் இதுபோன்ற ஒன்று எங்கோ ஒருவர் வீட்டுச் சேற்றில் உயிரோடு இருந்தால்தான் உண்டு. ஒருவர் தோண்டி இன்னொருவர் கையில் கொடுத்தால்தான் உண்டு. அறிவும் அப்படித்தான். வேரைக் கைமாற்றும்போது அதன் நல்லதையும் கெட்டதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதற்கும் எனக்கு ஒரு சோதனை வந்தது. 1994இல் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மகளுக்கு 2023ஆம் ஆண்டில் ஒரு மகன் பிறந்தான். பிள்ளை பார்க்கச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மருமகனின் உம்மா நல்ல மனுஷி. என் மகளைத் தன் மகளாகவே வைத்திருப்பவர். பெட்டியைத் திறந்து உடுப்பு, தொப்பி எல்லாம் வைத்துவிட்டு, கடைசியில் கறுப்பு நூலில் வசம்புத் துண்டுகளைக் கோத்த ஒரு காப்பையும், நாக்கில் தடவ ஒரு வேர்த் துண்டையும் எடுத்தார். “கண்ணும் படாது, வகுத்து ஊதலும் வராது” என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள். கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். பேசாமல் வாங்கி உள்ளே வைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அது மரியாதை போலத்தான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வார்டில் நாங்கள் மூவரும் வாய்மூடி நின்றதும் இப்படித்தான் என்பது நினைவுக்கு வந்தது.

“ராத்தா, இவ கதைய நான் உங்களுக்குச் சொன்னதில்லயே” என்று தொடங்கி, அந்த இரவு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கரண்டியால் ஊட்டியதை நான் பார்த்துக்கொண்டு இருந்ததையும், மருத்துவரிடம் பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. கூடத்தில் சத்தமில்லை.

“நாங்கெல்லாம் இத நக்கித்தானே வளந்த” என்றார் சம்பந்தி மெதுவாக.

“ஓம் ராத்தா, நானும்தான். அல்லாஹ் காப்பாத்தினான். அதுக்காகத் திரும்பவும் சோதிச்சுப் பாக்கணுமா?”

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தக் காப்பைப் பார்த்து, “இதயாவது கட்டலாமே” என்றார். பிள்ளை கையை வாயில் வைப்பான், துண்டு கழன்றால் தொண்டையில் சிக்கும் என்றேன். கண்ணேறு உண்மை, அதற்குக் காவல் அல்லாஹ்வின் சொற்களே, நூலும் வேரும் அல்ல என்று என் மகள் சொன்னாள். சம்பந்தி தலையசைத்தார். பேரனை மடியில் வாங்கி, ஃபலக்கும் நாஸும் ஓதி ஊதினார். அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

பின்னேரம் அஸர் தொழ வுழூச் செய்யப் போனவர், குழாயடியில் நின்ற செடியைக் கண்டுகொண்டார். “இதென்ன, வசம்ப வெச்சுக்கொண்டேவா வசம்பு வாணாமெண்ட?” என்று சிரித்தார். அரிசிப் பீப்பாயைத் திறந்து காட்டினேன். கிதாபு அலுமாரியைக் காட்டினேன். போகும்போது அவருக்கு நான்கு துண்டுகளை ஈரத் துணியில் சுற்றி, யோகட் கோப்பையில் வைத்துக் கொடுத்தேன். கொண்டுவந்த காப்பு எங்கள் அரிசிப் பீப்பாயில் இன்றும் கிடக்கிறது.

பேரனுக்கு இப்போது நடை வந்துவிட்டது. குழாயடிக்கு வந்து அந்த இலைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பான். கிழங்கைப் பிடுங்கி வாயில் வைத்துவிடாமலிருக்க ஒரு சின்னக் கம்பி வேலி கட்டியிருக்கிறோம். இலையைக் கசக்கி அவன் மூக்கருகே பிடித்தால் முகத்தைச் சுளித்துச் சிரிக்கிறான். ஒருநாள் அவன், இது என்ன என்று கேட்பான். இன்ஷா அல்லாஹ், அது மஃரிப் நேரமாக இருந்தாலும் பெயரைச் சொல்லுவேன்.

பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் கை மருந்து இருக்கும். அது வசம்பாக இல்லாவிட்டாலும் வேறொன்றாக இருக்கும். பெரியவர்கள் அன்பினால் கொடுத்ததை இழிவாகப் பேச வேண்டாம். கைக்குழந்தையின் வாயில் எதையும் வைக்கும் முன் மிட்வைப் மிஸ்ஸிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். யாராவது கொடுத்துவிட்டால், பகலோ இரவோ, வெட்கமோ பயமோ பாராமல் மருத்துவரிடம் அதன் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

உம்மும்மாவின் கப்றை அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.